மூத்தோர் சொல்லும் மெட்டா அனாலிசிஸும்

ஒருவருக்கு நல்லது செய்யப் போகிறோம். அது உண்மையிலேயே நல்லதுதானா என்று முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் கடமை நமக்கு இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் எவ்வளவு விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது, கிடைக்கும் பதில் நமக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே போனால் கொஞ்ச தூரத்தில் தடுக்கும். அந்தத் தடுக்கல் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். காற்றில் பேசுவதைவிட ஓர் இடத்தை வைத்துப் பேசினால் நல்லது. ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மேலே ஊர் என்று சொல்லத்தக்கது ஜமுனாமரத்தூர். சனங்களில் பெரும்பாலோர் மலையாளிகள். அரசின் பழங்குடிப் பட்டியலில் பெயர் அப்படி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மானாவாரிச் சாமை, பலா, புளி, தேன், நெல்லி இவைதான் மலையின் வரும்படி. சந்தன மரமும் ஒரு காலத்தில் மலையின் அடையாளமாக இருந்தது.

அதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு 1960களில் தெற்கே இடம் தேடி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பாப்புவின் பெயரும் கொண்ட வானாய்வகமாக ஆனது. வருடத்தில் எத்தனை இரவு மேகமில்லாமல் இருக்கும், காற்று எவ்வளவு அலையும், பக்கத்து ஊர் விளக்கு எவ்வளவு தொந்தரவு செய்யும் என்றெல்லாம் பார்க்காமல் யாரும் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் நட்டுவிட மாட்டார்கள். நட்சத்திரங்கள் விஷயத்தில் நாம் அவ்வளவு கறார். அந்தத் தொலைநோக்கியைச் சுற்றி இருக்கிற ஊர்களுக்கு என்று எடுத்த முடிவுகளில் இந்தக் கறார் எவ்வளவு இருந்தது?

திட்டங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது; ஊருக்கு ஊர் கிராம வனக்குழு, கன்று நடுதல், தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை. 2006-ல் வன உரிமைச் சட்டம். 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். பிறகு சிறுதானிய இயக்கம், 2023-ல் ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு. எல்லாமே நல்ல எண்ணத்தில் வந்தவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவற்றால் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கன்று நட்டோம், எத்தனை தடுப்பணை கட்டினோம், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று பதில் வரும். செய்ததைச் சொல்லும் கணக்கு அது. செய்ததால் ஏதாவது மாறியதா, செய்யாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைப் போடுவதற்கு உலகம் இப்போது வைத்திருக்கும் மிகக் கறாரான வழிக்குப் பெயர் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. தமிழில் முறைசார் சான்றாய்வு என்று சொல்லிக்கொள்வோம்.

பெயர் பயமுறுத்துகிற அளவுக்கு விஷயம் கடினமில்லை. சாதாரணமாக ஓர் அறிஞர் "இதுவரை வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன" என்று எழுத உட்கார்ந்தால், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவது மாதிரி தனக்குத் தோதானதைப் பொறுக்கிக்கொள்வார். வேண்டுமென்றே செய்ய வேண்டும் என்பதில்லை, கை தானாகவே அப்படிப் போகும். முறைசார் ஆய்வு முதலில் அந்தக் கையைக் கட்டுகிறது. கேள்வி என்ன, எந்த மாதிரி ஆய்வைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று தேடத் தொடங்குவதற்கு முன்பே எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிட வேண்டும். பிறகு கிடைக்கும் எல்லாவற்றையும் தேட வேண்டும். பத்திரிகையில் வராமல் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் 'பலன் இல்லை' என்ற அறிக்கைகளையும் சேர்த்து. ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோட வேண்டும். முடிந்தால் எண்களைக் கூட்டி ஒரே விடையாக்க வேண்டும். அந்தக் கூட்டலுக்குத்தான் மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். அதன் விடையை வரைகிற படத்துக்கு ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் பிளாட் என்கிறார்கள். காட்டைப் பற்றிய கட்டுரையில் இது ஒரு தற்செயலான வேடிக்கை.

இதன் தார்மீக பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு மருத்துவத்திலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும். காக்ரேன் என்ற அமைப்பு 1993-ல் தொடங்கப்பட்டது. அதன் இலச்சினையே ஒரு ஃபாரஸ்ட் பிளாட்தான். குறைமாதத்தில் பிரசவமாகப் போகும் தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். அதைப் பரிசோதித்த ஏழு ஆய்வுகள் அந்தப் படத்தில் ஏழு கோடுகளாக இருக்கின்றன. முதல் ஆய்வு வெளிவந்தது 1972-ல். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை 'தெளிவில்லை' என்றே சொல்லும். ஏழையும் கூட்டிப் பார்த்தால் மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் அப்படிக் கூட்டிப் பார்த்த முறையான தொகுப்பு 1989-ல்தான் வந்தது. நடுவே பல ஆண்டுகளாக விடை நூலகங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. பெரும்பாலான பிரசவ மருத்துவர்களுக்கு அது தெரியாது. பல்லாயிரம் குழந்தைகள் தேவையின்றி இறந்திருக்கலாம் என்பது காக்ரேனே சொல்லும் கணக்கு. அந்த மருத்துவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. கூட்டிப் பார்க்க வேண்டியது தன் வேலை என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல மனசு இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான சாட்சி எனக்குத் தெரியாது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. 2015-ல் லான்செட் இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, குவாதமாலா, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்கள். அதே ஊசியைப் பெரிய மருத்துவமனைகளோடு நிறுத்தாமல் கிராமத்துச் சுகாதார ஊழியர் வரை கொண்டுபோய்ப் பரப்பினார்கள். எடை குறைந்த குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தமாகப் பார்த்தால் பச்சிளங்குழந்தைச் சாவு கூடவே செய்தது: திட்டம் நடந்த பகுதிகளில் ஆயிரத்துக்கு 27.4, நடக்காத பகுதிகளில் 23.9. இலச்சினையிலேயே பொறிக்கப்பட்ட மருந்து இது! பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், ஓரளவு வசதியுள்ள மருத்துவமனைகளில், கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணித்து இதே ஊசியைப் போட்டுப் பார்த்தது. அங்கே குழந்தைகள் பிழைத்தன. 2020-ல் அந்த முடிவு வந்தது. மருந்து அதேதான், ஊசியும் அதேதான். ஸ்கேன் இருக்கிறதா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதில் விடை தலைகீழாகிவிட்டது.

ஆக, கூட்டிப் பார்க்காமல் இருந்ததால் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். கூட்டிய விடையை எங்கே கிடைத்தது என்று பார்க்காமல் வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்ததாலும் செத்திருக்கிறார்கள். மலையைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

மருத்துவத்திலிருந்து இந்தப் பழக்கத்தைச் சுற்றுச்சூழல் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று 2004 வாக்கில் சதர்லேண்ட், புல்லின் போன்ற பிரிட்டிஷ் சூழலியலாளர்கள் வாதாடினார்கள். இயற்கைப் பாதுகாப்பில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பங்கு அனுபவம், வழக்கம், பக்கத்து ஊர்க்காரர் சொன்னது ஆகியவற்றின் மேல் நிற்கிறது என்பது அவர்கள் குறை. நம் ஊர் விஷயமாக ஓர் உதாரணம். இமாச்சலப் பிரதேசத்துக் காங்கிரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக அரசு மரம் நட்டு வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படங்களையும் வீடு வீடாக எடுத்த தகவலையும் வைத்து அதை ஆராய்ந்தவர்கள் 2021-ல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் எழுதினார்கள்: சராசரியாகப் பார்த்தால் அடர்ந்த காட்டின் அளவு கூடவில்லை, உள்ளூர்க்காரர்கள் விறகுக்கும் தீவனத்துக்கும் விரும்புகிற அகன்ற இலை மரங்களின் பங்குதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மரம் நடுவதைக் கேள்வி கேட்பது நம்மூரில் கிட்டத்தட்ட பாவம். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து அமைச்சர் பிறந்தநாள் வரைக்கும் கன்று நடுகிறோம். நட்ட இடத்தில் என்ன முளைத்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க மட்டும் ஆளில்லை.

ஜவ்வாது மலைக்கு இன்னும் நெருக்கமானது கிராம வனக்குழு விவகாரம். காட்டை மக்களோடு சேர்ந்து பராமரித்தால் காட்டுக்கும் நல்லது, மக்களுக்கும் நல்லது என்பது 1990களில் உலகம் முழுக்கப் பரவிய நம்பிக்கை. எனக்கும் பிடித்தமான நம்பிக்கைதான். இதைப் பற்றிய உலக ஆய்வுகளை பவுலர் முதலானோர் முறைப்படி தொகுத்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமூகப் பராமரிப்பில் இருந்த காடுகளில் மரங்களின் அடர்த்தியும், தண்டுகளின் பருமனை வைத்துப் போடும் பரப்புக் கணக்கும் கூடுதலாக இருந்தன. மற்ற சூழல் பயன்களுக்குத் தெளிவான சான்று இல்லை. சரி, மக்கள்? அவர்களுடைய வாழ்வாதாரம் என்ன ஆனது? அதைக் கூட்டிப் பார்க்கும் அளவுக்கு எண்களே இல்லை என்று எழுதியிருந்தார்கள். சில ஆய்வுகள் நன்மை உண்டு என்று சொல்கின்றன, அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. தொகுத்தவர்கள் நேர்மையாகத்தான் இருந்தார்கள். இல்லாததை இல்லை என்றார்கள். ஆனால் ஏன் இல்லை? தண்டின் பருமனை அளக்க ஒரு நாடா போதும். மரம் ஓடிப்போகாது, பொய் சொல்லாது, வேலைக்கு வெளியூர் போகாது. மனிதரை அளப்பது சிரமம், செலவு, தகராறு. எளிதாக அளக்க முடிவதை முதலில் அளந்தார்கள், பிறகு அதுதான் சான்று என்று ஆகிவிட்டது. உலகத்தின் மிகக் கறாரான முறை, தனக்கு முன்னால் யாரோ எதை அளந்தார்களோ அதைத்தான் கூட்ட முடியும். அளக்காமல் விட்டதை அதனால் உண்டாக்க முடியாது.

ஜவ்வாது மலையில் இந்த இடைவெளி எப்படிப்பட்டது என்று சொல்ல ஒரு தேதி போதும். 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அம்மாநிலச் சிறப்புக் காவல்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஊர்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. காடு வளர்ப்புத் திட்டத்தால்தான் அவர்கள் போனார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொல்வது வேறு. பதினெட்டு வருடங்களாக வனக்குழு இயங்கும் மலையிலிருந்து ஆண்கள் அடுத்த மாநிலத்துக் காட்டுக்குள் இரவில் மரம் வெட்டப் போகும் நிலை இருந்தது. வெற்றி தோல்வியை அளக்கும் பட்டியலில் 'வருடத்தில் எத்தனை மாதம் வீட்டு ஆண்கள் ஊரில் இல்லை' என்ற கேள்வி இருந்திருந்தால், அது ஏதோ ஒன்றை முன்கூட்டியே சொல்லியிருக்கும்.

சாமைக்கு வருவோம். சிறுதானியங்கள் விஷயத்தில் சான்றுக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இக்ரிசாட் முன்னின்று நடத்திய முறைசார் ஆய்வு 2021-ல் வந்தது: 65 ஆய்வுகளைத் தொகுத்து, சிறுதானியம் தொடர்ந்து சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும், சாப்பிட்ட பிறகான சர்க்கரை 15 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. அடுத்த ஆண்டு எட்டு ஆய்வுகளைத் தொகுத்து இன்னொன்று. அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியம் கொடுத்தால் குழந்தைகளின் வளர்ச்சி 26 முதல் 39 சதவீதம் கூடும் என்றது. குழந்தை முப்பது சதவீதம் உயரமாகிவிடும் என்று படித்துவிடாதீர்கள். ஒப்பிட்ட குழந்தைகள் குறிப்பிட்ட மாதங்களில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தார்கள் என்றால், இவர்கள் சுமார் 1.28 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள் என்கிற மாதிரிக் கணக்கு அது. அதுவும் நல்ல விஷயம்தான். தலைப்புச் செய்திக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் நீளம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. சிறுதானியங்களை ஆராய்வதும் பரப்புவதும் இக்ரிசாட்டுக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். அதனால் முடிவு பொய் என்று ஆகாது. ஆனால் பெண் பார்த்தவரே கல்யாணத் தரகராகவும் இருந்தால் இன்னொருவரையும் விசாரிக்கச் சொல்வது நம் வழக்கம்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஓர் இளம் அதிகாரி, அக்கறையானவர், இந்த இரண்டு தொகுப்புகளையும் படித்துவிட்டு ஜமுனாமரத்தூர் ஒன்றியத்தில் சாமையைப் பெருக்க ஒரு திட்டம் போடுகிறார். சத்துணவில் சேர்க்கலாம், நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது போல இங்கும் செய்யலாம், மிச்சத்தைச் சென்னைக்கு அனுப்பலாம். சான்று இருக்கிறது, திட்டம் இருக்கிறது. அவரிடம் மலையில் ஒரு வயதான அம்மா கேட்கிற கேள்வி இப்படி இருக்கலாம்: "சாமை நல்லதுன்னு எங்களுக்கே சொல்றியா தம்பி? அதை யாரு குத்துறது?"

சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உமி இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசியாக்குவதற்குள் தோள் கழன்றுவிடும். குத்துவது பெண்கள். ரேஷன் அரிசி வந்ததும் சாமைச் சோறு குறைந்ததை நாகரிக மோகம் என்றும், பாரம்பரியம் அழிகிறது என்றும் சமவெளியிலிருந்து நாம் வருத்தப்படுகிறோம். உலக்கையைக் கீழே வைத்தவளுக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 2011-லிருந்து கனடா நிதியுதவியோடு சில வருடங்கள் நடத்திய சிறுதானியத் திட்டத்தில் ஜவ்வாது மலையும் ஒரு களம். உமி நீக்கும் சிறு இயந்திரங்களைச் சரிசெய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. பிரச்சினை எங்கே இருக்கிறது என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சர்க்கரை அளவைப் பற்றிய 65 ஆய்வுகள் எதைக் கேட்கப் போனவையோ, அதில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவை கேட்டது தின்கிறவரின் இரத்தத்தை. குத்துகிறவரின் தோளைப் பற்றி அல்ல.

இதைச் சொல்லும்போதே ஒரு கதை என் நாக்கு நுனிக்கு வருகிறது. பட்டணத்தில் சாமைக்கு மவுசு கூடும், விலை ஏறும், மலைக்காரர்கள் விற்றுவிட்டு ரேஷன் அரிசி சாப்பிடுவார்கள், அவர்கள் பிள்ளைகள் சத்துக் குறைந்து போவார்கள். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். நம் குற்றவுணர்வுக்கும் தீனி கிடைக்கிறது. தென்னமெரிக்காவின் கினோவா தானியத்தைப் பற்றி இதே கதையைப் பத்து வருடங்களுக்கு முன் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பிறகு பெல்மேர் முதலான பொருளியலாளர்கள் பெரு நாட்டின் பத்து வருட வீட்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். விலை ஏறிய காலத்தில் அந்தக் குடும்பங்களின் நிலை சற்று மேம்பட்டிருந்தது. விலை பின்னால் சரிந்தபோதுதான் கவலை. நல்ல கதை என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. அந்தக் கதை ஏழைகளின் பக்கம் நிற்பதுபோல் தோன்றினாலும்தான். 'மக்களின் அனுபவமே போதும், எண்கள் எதற்கு' என்று பேசுகிற தோழர்களிடம் நான் விலகி நிற்பது இங்கேதான். மலைக்காரர்கள் சார்பில் நாம் ஊகித்துக்கொள்வதும் ஓர் அதிகாரம்தான். பெருவில் நடந்ததே ஜவ்வாதிலும் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஊசிக் கதை நினைவிருக்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

'சான்று' என்ற சொல்லுக்கு மலையில் இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சியில் சான்றுகளைக் கோபுரம் போல அடுக்குவார்கள். உச்சியில் முறைசார் தொகுப்பு, அதன் கீழே சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனைகள், அடியில் 'அனுபவசாலிகள் கருத்து'. வன உரிமைச் சட்டத்தின் 13-ஆம் விதி இந்தக் கோபுரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு குடும்பம் தலைமுறைகளாக அந்த நிலத்தில் இருக்கிறது என்பதற்கு என்னென்ன சான்றாகும் என்று அது ஒரு பட்டியல் தருகிறது. அரசு ஆவணங்கள், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை உண்டு. கூடவே நிலத்தைச் சமப்படுத்திய தடயம், கட்டிய வரப்பு, கிணறு, இடுகாடு, சாமி மரம், வம்சாவளி, மூத்தோர் வாக்குமூலம். 2012-ல் செய்த திருத்தம் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட ஆவணத்தைக் கொண்டுவா என்று குழுக்கள் வற்புறுத்தக்கூடாது என்கிறது. செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக வரலாம், அவற்றுக்கு மாற்றாக வரக்கூடாது என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி பட்டா கொடுப்பது 2008-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே நகர்ந்தது. எட்டு வருடம் தாமதம். அந்த இடைவெளியில் இறந்துபோன மூத்தோர்களோடு எத்தனை வாக்குமூலங்கள் போயின என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது.

ஆனால் விதியைக் கவனமாகப் படித்தால் ஒரு நுணுக்கம் உண்டு. மூத்தோர் சொல் சான்றாகும். உரிமை கோருபவர் அல்லாத மூத்தோராக இருக்க வேண்டும், எழுத்தில் பதிவாக வேண்டும். தனக்கு லாபமுள்ளவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, சொன்னதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவை. காக்ரேன்காரர்கள் படாதபாடு பட்டு உருவாக்கிய நெறியும் ஏறக்குறைய இதுதான். சான்றின் உருவம் மாறுகிறது, உள்ளே இருக்கும் கவலை ஒன்றாக இருக்கிறது: யார் சொல்கிறார், அவருக்கு இதில் என்ன கிடைக்கும், அவர் பார்க்காமல் விட்டது என்ன. மூத்தோர் சொல்லையும் மெட்டா அனாலிசிஸையும் எதிரெதிரே நிறுத்திக் கோழிச் சண்டை பார்க்கிற பழக்கம் எனக்குச் சலித்துவிட்டதற்குக் காரணம் இதுதான். இடுகாட்டுக் கற்களை எண்ணி ஓர் ஊரின் வயதைச் சொல்கிறவர் செய்வதும் முறைசார்ந்த வேலைதான்.

அப்படியென்றால் எங்கே தவறுகிறது? கேள்வியில்தான் என்று நினைக்கிறேன். ஒரு முறைசார் ஆய்வைத் தொடங்கும்போது எழுதும் நெறிமுறைப் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருக்கும். யாரைப் பற்றி, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை விளைவு என்று அளக்கப் போகிறோம். முதல் மூன்றும் ஓரளவு தொழில்நுட்ப விஷயம். நான்காவது அப்படி இல்லை. எது நல்ல வாழ்க்கை என்று யாரோ ஒருவர் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார். சுற்றுச்சூழல் சான்றாய்வுகளை நடத்தும் அமைப்புகளின் வழிகாட்டி நூல்களிலேயே சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துகொண்டு கேள்வியை அமையுங்கள் என்று இருக்கிறது. நடைமுறையில் அமைச்சகமும் நிதி கொடுப்பவரும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டால் கலந்துகொண்டதாக எழுதிவிட முடியும். யார் தலையில் முடிவு விழப்போகிறதோ அவர் அந்த அறையில் இருக்கமாட்டார்.

ஜவ்வாது மலையில் நான்காவது கட்டத்தை நிரப்பச் சொன்னால் என்ன வரும் என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். உலக்கை பிடிக்கும் மணி நேரம். செம்மரத்துக்கோ கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ ஆண்கள் போயிருக்கும் மாதங்கள். புளியையும் தேனையும் வியாபாரி என்ன விலைக்கு எடுத்தான், அவன் கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது. பிரசவ வலி வந்தால் கீழே ஆஸ்பத்திரிக்குப் போக ஆகும் நேரம். இலைதழை ஒடிக்கப் போனால் தடுக்கிறார்களா, விடுகிறார்களா. இவற்றில் பாதி தப்பாக இருக்கலாம். அவர்கள் வேறு எதையோ சொல்லக்கூடும், நான் நினைத்தே பார்க்காத ஒன்றை.

அதைக் கேட்பதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசித்து, தீர்மானங்களில் கையெழுத்து வாங்கி முடிந்த பிறகு கூட்டம் கலையுமுன் அரைமணி நேரம் கிடைக்கும். ஆய்வாளர் தன் படிவத்தை அங்கே தமிழில் வாசித்து, நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுக்கலாம். பெண்கள் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். கூட்டத்தில் ஆண்கள் இருந்தால் உலக்கை விஷயம் வெளியே வராது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, தேதி போட்டு, அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போய்த் தேடத் தொடங்கலாம். உலகத்தில் இருக்கும் ஆய்வுகளில் எத்தனை அந்தப் பட்டியலில் ஒரு வரியையாவது அளந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை அடுத்த கிராம சபையில் வந்து சொல்லட்டும்.